டீச்சர் வீட்டுப் பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்?

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய மேசையில் 2012இல் வாங்கிய டெஸ்க்டொப். மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் விண்டோஸ் 10 முழுதாக எழும்பியிருக்காது. "தம்பி, இதை இரும்புக்காரனுக்குக் குடுக்கிறதா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருக்கலாமா?" என்று கேட்டார். வைத்திருக்கலாம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். "அப்ப அதில எதைப் போடுவம்?" என்ற அடுத்த கேள்விக்கு அப்படி ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்வி டீச்சர் வீட்டில் மட்டும் எழவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் தனியாகப் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் இயந்திரம் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைப் புரொசசரும் கேட்கிறது. அந்தத் தலைமுறை வந்ததே 2017இல்தான். புதிது வாங்குவோமா என்றால், டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த காலத்தோடு 2022இல் அந்தக் கதையும் முடிந்துபோனது. ஓர் ஓய்வூதியக்காரருக்கோ, உயர்தரம் படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கோ அது பெரிய காசு.

ஆகவே லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். ஆனால் லினக்ஸ் என்பது ஒரே சாமான் அல்ல. டிஸ்ட்ரோ என்று சொல்லும் வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. புதிதாக வருகிறவரைக் குழப்புவது அந்த எண்ணிக்கைதான். பழைய வீட்டுக் கணினிக்கு, முதன்முதலாகப் பாவிக்கப்போகும் ஆளுக்கு என்று இரண்டு நிபந்தனைகளை வைத்தால் ஏழெட்டுப் பெயர்தான் மிஞ்சும். அவற்றைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். டீச்சருடைய டெஸ்க்டொப்போடு, கொட்டாஞ்சேனையில் ஒரு உயர்தர மாணவனின் கோர் 2 டுவோ லப்டொப்பையும், தெஹிவளையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவரின் பத்து அங்குல நெட்புக்கையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மூன்றும் என் கையால் திறந்து பார்த்த இயந்திரங்கள்.

முதலில் பெட்டிக்குள் பாருங்கள்

எந்த லினக்ஸ் என்று முடிவெடுப்பதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ரேம் எவ்வளவு, புரொசசர் 64 பிட்டா 32 பிட்டா, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாத எஸ்.எஸ்.டி.யா. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலும் செட்டிங்ஸிலும் இவை மூன்றையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இவற்றில் ரேம்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது. 4 ஜிபி இருந்தால் கை நிறையத் தெரிவுகள். 2 ஜிபி என்றால் பாதி கழிந்துவிடும். 1 ஜிபி என்றால் இரண்டோ மூன்றோதான். புரொசசர் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். 2006இல் வந்த கோர் 2 டுவோ கூட 64 பிட்தான். 2008 வாக்கில் நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 போன்றவைதான் 32 பிட்டில் நின்றுபோனவை.

எஸ்.எஸ்.டி. பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேகத்தைத் தேடி வகை வகையாக லினக்ஸ் மாற்றிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பழைய சுழலும் டிஸ்க்கில் எவ்வளவு மெல்லிய லினக்ஸைப் போட்டாலும் பிரவுசர் திறக்கக் காத்திருக்கத்தான் வேண்டும். 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் எந்த லினக்ஸும் கெதியாக எழும்பும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் பொருத்தியும் தருவார்கள். செலவழிக்க ஒரே ஒரு தடவைதான் காசு இருக்கிறது என்றால் அதை இதற்குச் செலவழியுங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் ரேமைக் கூட்டுங்கள், பழைய டி.டி.ஆர்.3 ரேம் பாவித்த சாமானாகவே கிடைக்கும்.

வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடலை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்று ரேமின் தங்க நிறப் பற்களில் படிந்து, இயந்திரம் இடையிடையே உறைந்துபோகும். ரேமைக் கழற்றி அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டாலே பலதடவை சரியாகிவிடும். அதே நேரத்தில் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பொத்தான் பட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால், கரண்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். திகதி பிழைத்தால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்க மறுக்கும். டீச்சர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. "லினக்ஸ் போட்டால் இன்டர்நெட் வராதாம்" என்று பக்கத்து வீட்டில் கதை பரவியதற்குக் காரணம் கடிகாரக் கடையில் விற்கும் ஒரு சின்னப் பட்டரி.

மின்ட்

முதன்முதலாக லினக்ஸுக்கு வருகிறவருக்கு நான் சொல்லும் பெயர் லினக்ஸ் மின்ட். 2006இல் தொடங்கியது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. இப்போதைய 22 வரிசை 2024 யூலையில் வந்தது. 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். ஒரு முறை போட்டுக் கொடுத்துவிட்டு நாலைந்து வருடம் கைவைக்காமல் விடலாம் என்பது, மற்றவர் வீட்டுக் கணினியைப் பார்க்கிறவனுக்குப் பெரிய நிம்மதி.

திரையின் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணிக்கூடு. விண்டோஸ் 7 பாவித்த கை தடுமாறாமல் போய் நிற்கும். டீச்சருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது இரண்டே விஷயம்தான்: சி டிரைவ் என்று ஒன்று இல்லை, மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடாமல் சொஃப்ட்வேர் மேனேஜரைத் திறக்க வேண்டும். மற்றதை அவரே கண்டுபிடித்தார்.

மின்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ என்று மூன்று முகங்கள். அடித்தளம் ஒன்றுதான், வேறுபடுவது டெஸ்க்டொப் எனப்படும் திரைத் தோற்றம் மட்டும். சினமன் பார்க்க மிக வடிவானது, மெமரியும் கூடுதலாகக் கேட்கும். எக்ஸ்எஃப்சிஈ அலங்காரம் குறைந்தது, இலேசானது. மாட்டே இரண்டுக்கும் நடுவில். மின்ட் குழு குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், வசதியாகப் பாவிக்க 4 ஜிபி என்கிறது. என் அனுபவத்தில் 4 ஜிபி இயந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஈதான் சரி. சினமனும் ஓடும், ஆனால் பிரவுசரில் ஏழெட்டுப் பக்கம் திறந்ததும் மூச்சு வாங்கும். 8 ஜிபி இருந்தால் யோசிக்காமல் சினமன் போடுங்கள்.

இன்னும் இரண்டு காரணங்களுக்காக மின்ட் எனக்குப் பிடிக்கும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. கணினி நல்ல நிலையில் இருக்கும்போது ஒரு நகல் எடுத்து வைத்தால், பிறகு ஏதாவது குழம்பினால் அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடலாம். மற்றது டிரைவர் மேனேஜர். பழைய லப்டொப் சிலவற்றில் வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் வேண்டும். மின்டில் நெட்வேர்க் வயரை மாட்டி, அந்தக் கருவியைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் முடிந்தது. வயர் வசதி இல்லையென்றால் கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, அதன் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

உபுண்டுவும் அதன் உறவுகளும்

லினக்ஸ் என்றதும் பலருக்கு நினைவு வருவது உபுண்டு. அதற்கு நியாயமும் உண்டு. உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது; 2011 வரை அந்தச் சேவை நடந்தது. இணையம் ஊர்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் கொழும்பில் என் வயதுக்காரர் பலர் லினக்ஸை முதலில் கண்டது அந்தச் சிடியில்தான். அதனாலேயே உபுண்டுமேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

ஆனால் இன்றைய உபுண்டு டெஸ்க்டொப்பைப் பழைய இயந்திரத்துக்கு நான் போடுவதில்லை. அதன் குனோம் டெஸ்க்டொப் மெமரி கூடக் கேட்கிறது. விண்டோஸ் பழக்கத்தோடு வருகிறவருக்கு முற்றிலும் புதிய ஒழுங்கு. 21.10 பதிப்பில் இருந்து ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப் என்ற பொதி முறையில் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது முதல் தடவை திறக்க எடுக்கும் நேரம் ஆளைச் சோர்வாக்கிவிடும். மின்ட் 2020இலேயே ஸ்னாப்பை ஒதுக்கி வைத்துவிட்டது. டவுன்லோட் அளவையும் பாருங்கள்: உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி, மின்ட் 3 ஜிபிக்குள். இரவு டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இதுவும் ஒரு கணக்கு.

லுபுண்டு, உபுண்டு குடும்பத்தின் மெலிந்த பிள்ளை. எல்எக்ஸ்கியூட்டி என்ற டெஸ்க்டொப்போடு வருகிறது. 2 ஜிபி இயந்திரத்தில் நன்றாக ஓடும்; மெனுவும் விண்டோஸ் போலத்தான். எனக்கிருக்கும் தயக்கம் ஆதரவுக் காலத்தில். நீண்டகாலப் பதிப்புக்கும் மூன்று வருடம்தான், 24.04 என்றால் 2027 ஏப்ரலோடு சரி. அப்புறம் யாராவது ஒருவர் வந்து மேம்படுத்திக் கொடுக்க வேண்டும். கணினி தெரிந்த பிள்ளை உள்ள வீடு என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. தனியே இருக்கும் முதியவருக்கு இது முக்கியம். சுபுண்டுவும் அதே நிலைதான். மின்ட் எக்ஸ்எஃப்சிஈ இருக்கும்போது அதை ஏன் தேட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சோரின்

சோரின் ஓ.எஸ். அயர்லாந்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. விண்டோஸில் இருந்து வருகிறவர்களுக்காகவே செய்யப்பட்டது என்று அதைத் திறந்த உடனேயே தெரியும். அதன் 18ஆம் பதிப்பை விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில், 2025 ஒக்டோபர் 14இல் வெளியிட்டார்கள். பழக்கத்தில் விண்டோஸ் மென்பொருள் ஒன்றை டவுன்லோட் செய்து அழுத்தினால், "இதற்குப் பதில் இது இருக்கிறது" என்று தானே மாற்று வழி சொல்லும். புதியவருக்கு இது உண்மையான உதவி. தோற்றத்திலும் மின்டை விடச் சோரின் ஒரு படி அழகு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அழகு குனோமின் மேல் கட்டப்பட்டது. 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பழைய பெட்டியில் அது ஆறுதலாகத்தான் நடக்கும். 8 ஜிபி, எஸ்.எஸ்.டி. உள்ள, ஐந்தாம் ஆறாம் தலைமுறை லப்டொப் கையில் இருந்து, "பார்க்க வடிவாக இருக்கவேணும்" என்று கேட்கிறவர் என்றால் சோரின் போட்டுக்கொடுங்கள். காசு கொடுத்து வாங்கும் புரோ பதிப்பு வீட்டுத் தேவைக்கு அவசியமில்லை. இலவசப் பதிப்பே போதும்.

எம்.எக்ஸ்

கொட்டாஞ்சேனை மாணவனின் லப்டொப்பில் 2 ஜிபி ரேம்தான். அதற்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போட்டுப் பார்த்தேன். எழும்பியது, ஆனால் பிரவுசரையும் எழுதும் மென்பொருளையும் சேர்த்துத் திறந்தால் தடுமாறியது. எம்.எக்ஸ் லினக்ஸ் போட்ட பிறகு வித்தியாசம் தெரிந்தது. இது டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்பை அடித்தளமாகக் கொண்டது; எக்ஸ்எஃப்சிஈதான் இதன் முதன்மை முகம். மெலிவுக்கும் வசதிக்கும் இடையில் இவ்வளவு நல்ல சமநிலையை வேறு எதிலும் நான் காணவில்லை.

பட்டை வழமையாக இடப்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். புதியவருக்கு அது அந்நியமாகத் தெரியும், எம்.எக்ஸ் ட்வீக் என்ற கருவியில் ஒரு நிமிடத்தில் கீழே கிடத்திவிடலாம். எம்.எக்ஸ் ஸ்னாப்ஷொட் என்று இன்னொன்று உண்டு: நீங்கள் ஒழுங்குபடுத்தி முடித்த கணினியை, தமிழ் எழுத்துரு முதல் பிரிண்டர் வரை அப்படியே ஒரு நிறுவல் கோப்பாக்கித் தரும். உறவினர் வீடுகள் நாலுக்குப் போட்டுக்கொடுக்கும் ஆளுக்கு இதைவிட உபகாரமான கருவி வேறு இல்லை.

மின்டோடு ஒப்பிட்டால் எம்.எக்ஸ் பாவிப்பவரிடம் கொஞ்சம் கூடக் கவனம் கேட்கும். கருவிகள் நிறைய, சொற்கள் நிறைய. ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்லது. உயர்தர ஐ.சி.டி. படிக்கும் அந்த மாணவனுக்குப் பைதான் தேவைப்பட்டது. கணினியில் ஏற்கெனவே இருந்தது. டீச்சருக்கு என்றால் எம்.எக்ஸைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மிகப் பழையவையும் 32 பிட்டும்

இங்கே நிலைமை நாளுக்கு நாள் இறுகுகிறது. 2025 ஓகஸ்ட் 9இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கு நிறுவல் கோப்பே தரவில்லை. உபுண்டு டெஸ்க்டொப் 2017இலேயே விட்டுவிட்டது. மின்ட் 22 முழுக்க 64 பிட். தெஹிவளை அக்காவின் ஆட்டம் நெட்புக்குக்கு, 1 ஜிபி ரேமோடு, மிஞ்சியது ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பும் பப்பி லினக்ஸும்தான்.

ஆன்டிஎக்ஸ் மிக மெல்லியது, 1 ஜிபியில் தாராளமாக நிற்கும். ஆனால் முகம் கரடுமுரடு. மெனுக்கள் கணினி தெரிந்தவருக்கு எழுதியவை. பப்பி 2003இல் அவுஸ்திரேலியாவில் பிறந்தது. முழுவதும் ரேமில் ஏறி ஓடும். ஹார்ட் டிஸ்க் செத்த கணினியையும் பென் டிரைவ் ஒன்றால் எழுப்பிவிடும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இருந்து கலியாணப் படங்களை மீட்க நான் முதலில் எடுப்பது பப்பியைத்தான். ஆனால் வழமையாக நிர்வாகி அதிகாரத்தோடேயே இயங்குவதால், வங்கி வேலை பார்க்கும் கணினியில் அதை நிரந்தரமாக வைக்க மனம் வரவில்லை.

அக்காவுக்கு ஆன்டிஎக்ஸ் போட்டேன், ஒளிவுமறைவின்றி வரம்பையும் சொன்னேன். அளவுக் கணக்கு எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், மின்னஞ்சல் பார்க்கலாம். தையல் வீடியோ பார்ப்பதைக் கைப்பேசியோடு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவில் அவருக்கு அது போதுமாக இருந்தது.

வீடியோ பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. லினக்ஸ் எவ்வளவு மெலிந்தாலும் இணையப் பக்கம் மெலியாது. பழைய கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு யூடியூப் இன்று அனுப்பும் புதிய வடிவங்களை விரிக்கும் வன்பொருள் வசதி இல்லை. எல்லாப் பாரமும் புரொசசர் தலையில் விழுகிறது. எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு, தரத்தை 480க்கு இறக்கினால் கோர் 2 டுவோவிலும் பாடசாலை வீடியோக்களைப் பார்க்கலாம். வகையை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கூகுள் தரும், பிரவுசரை மையமாகக் கொண்ட இயங்குதளமான குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். கூகுள் கணக்கு, 4 ஜிபி ரேம், எந்நேரமும் இணையம் மூன்றும் உள்ளவருக்கு அது எளிது. இணையம் போனால் பெட்டியில் செய்ய அதிகம் எதுவும் இராது. வீட்டுக்கு ஒரே கணினி என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் எழுத வேண்டாமா?

வெளிநாட்டு ஒப்பீடுகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை. நமக்கு இதுதான் பாதி முடிவு. டீச்சரின் முதல் கவலையே "என்ர பாமினி வேலை செய்யுமா?" என்பதுதான். முப்பது வருடக் கேள்வித்தாள்களும் கோவில் மலர்க் கட்டுரைகளும் பாமினி என்ற அந்தப் பழைய தமிழ் எழுத்துருவில்தான் இருக்கின்றன.

பழைய கோப்புகளைத் திறப்பது சுலபம். பாமினி எழுத்துருக் கோப்பை விண்டோஸில் இருந்து எடுத்து வைத்து, லினக்ஸில் அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால், லிப்ரே ஒஃபிஸ் என்ற எழுதும் மென்பொருளில் எல்லாம் பழையபடி தெரியும். புதிதாக எழுதுவதற்கு எந்தக் கணினியிலும் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோட் வேண்டும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்துத் "தமிழ்" என்ற சொல்லை வரவைத்துப் பழகிய விரல்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை புது உலகம். அவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கைத் தழுவியது. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் பொதியைச் சேர்த்தால் ரெங்கநாதன், தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாம் ஒன்றாக வந்துவிடும். சிங்களத்துக்கு விஜேசேகர அமைப்பும் அதே பொதியில் இருக்கிறது. கொழும்பு வீட்டில் இரண்டும் வேண்டும்.

இதை ஒழுங்கு செய்வது எதில் எளிது? மின்டில் இன்புட் மெதட் என்ற கருவியே வழிகாட்டி, தேவையான பொதிகளையும் காட்டுகிறது. உபுண்டுவிலும் சோரினிலும் எம்17என் பொதியைப் போட்ட பிறகு செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் சரி. எம்.எக்ஸிலும் லுபுண்டுவிலும் பொதிகளை நாமே தேடி நிறுவி, ஒரு முறை வெளியேறி உள்ளே வர வேண்டும். கால் மணித்தியால வேலை. ஆன்டிஎக்ஸ் போன்ற மெல்லியவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. டீச்சருக்கு மின்ட் என்று நான் முடிவெடுத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கருவிதான்.

போடுவதற்கு முன்

வென்டொய் என்ற கருவியைப் பென் டிரைவில் ஒரு முறை போட்டுவிட்டால், அதற்குள் மின்ட், எம்.எக்ஸ், லுபுண்டு மூன்றின் கோப்பையும் சும்மா நகலெடுத்து வைக்கலாம். கணினியை அதில் இருந்து எழுப்பி, நிறுவாமலே ஒவ்வொன்றையும் அரை மணித்தியாலம் பாவித்துப் பார்க்கலாம். பென் டிரைவில் இருந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடை போட வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு: வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, லப்டொப் மூடித் திறந்தால் எழும்புகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா. பாவிக்கப் போகிறவரையே கதிரையில் இருத்திப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பிரிண்டர் விஷயத்தில் கவனம் தேவை. எச்.பி. பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். சில பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் தங்கள் தனி மொழியில் மட்டும் பேசுபவை; அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தாலும் நிறுவுவது போராட்டம். வீட்டில் பிரிண்டர்தான் முக்கியம் என்றால் நிறுவுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை வைத்துத் தொழில் செய்கிறவருக்கும் நான் அவசரப்பட்டு மாறச் சொல்ல மாட்டேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை என்றாலும் சட்டென்று கரண்ட் போவது உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை எழுதும் வேலையை முதலில் குறித்து வைத்துக்கொண்டே செய்வதால், பாதியில் அணைந்தாலும் அடுத்த முறை பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழும்பும். சேமிக்காத கட்டுரையை அது காப்பாற்றாது; லிப்ரே ஒஃபிஸில் தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் நான் முடிவெடுப்பேன்: சிக்கல் வந்தால் இவர் யாருக்குப் போன் எடுப்பார்? அந்த ஆள் பாவிப்பது லுபுண்டு என்றால், மேலே நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு லுபுண்டுவையே போடுங்கள். உதவிக்கு அருகில் இருக்கும் ஒருவர், எந்த வகைக்கும் இல்லாத பலம். அப்படி யாரும் இல்லையென்றால் 4 ஜிபிக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஈ, 8 ஜிபிக்கு மின்ட் சினமன், 2 ஜிபிக்கு எம்.எக்ஸ்.

டீச்சரின் பெட்டிக்கு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விட்டேன். கேள்வித்தாள்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மின்ட் எக்ஸ்எஃப்சிஈ, ரெங்கநாதன் விசைப்பலகை, எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கி விட்டேன். போன கிழமை போன் எடுத்தார். என்ன பழுதோ என்று நினைத்தேன். பேத்தியின் லப்டொப்பிலும் அதே மெனு வேண்டுமாம், ஞாயிறு வரச் சொன்னார்.